தோட்டாவுக்குப் பொருத்தம் பார்த்த அண்ணை

கனடாவின் ஒன்ராறியோக் காடுகளில் இன்றைக்கு ஒரே வெடியில் விழுகிற மூஸ்களில் பாதியாவது, வாழ்நாளில் ஒரு முட்டைகூடச் சாப்பிட்டறியாத ஒரு யாழ்ப்பாணத்து மனிதரின் கைங்கரியம் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. நானும் முதலில் நம்பவில்லை. மூஸ் என்பது குதிரையைவிட உயரமான ஒரு மான். தலையில் இரண்டு சுளகைக் கட்டிவிட்டதுபோலக் கொம்பு. அப்படி ஒன்றை எதிரில் கண்டால் நான் காரைத் திருப்பிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடுவேன். அவரோ மூஸின் விலா எலும்பு எத்தனை அங்குலம் தடிப்பு என்பதைத் தன் சொந்த விலாவைத் தடவிக் காட்டிச் சொல்லுவார்.

கடையில் எங்களுக்கு அவர் 'தோட்டா அண்ணை'. வேட்டைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் அண்ணை என்பதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டு, 'மிஸ்டர் அண்ணை இருக்கிறாரா?' என்று மரியாதையாகக் கேட்பார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

கடை பிக்கரிங் என்ற ஊரைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரமாக இருந்தது. வேட்டை, மீன்பிடி, காட்டில் கூடாரம் அடிப்பது ஆகியவற்றுக்கான சாமான்கள் விற்கும் பெரிய கடை. அலுவலக வேலை போனபிறகு நான் அங்கே கூடாரப் பகுதியில் சேர்ந்தேன். ஒரு நாளும் கூடாரத்துக்குள் படுத்தறியாதவன் நான். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. எனக்கு எதிர்ப்புறம் துப்பாக்கித் தோட்டாக்களின் கவுண்டர். அதற்குப் பின்னால் நெற்றியில் மூன்று குறி திருநீறும், கடை தந்த பச்சைச் சட்டையும், காதில் ஒரு பென்சிலுமாக அண்ணை நிற்பார். அவருக்கு மேலே சுவரில் பஞ்சு அடைத்த மானின் தலை ஒன்று தொங்கும். காலையில் வந்ததும் அதன் முகத்தைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்.

மற்றக் கடைகளில் தோட்டா கேட்டால் பெட்டியை எடுத்து வைப்பார்கள். அண்ணை அப்படிக் கொடுக்கமாட்டார். முதலில் பொருத்தம் பார்ப்பார். கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கிற அதே பொருத்தம்தான். என்ன மிருகம், அடர்ந்த காடா வெளியா, எவ்வளவு தூரம், துப்பாக்கி எத்தனை இறாத்தல், தோள் எப்படி, கடைசியாக எப்போது பழகினது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பென்சிலால் குறித்து, அடியில் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். தலை ஆடினால் பெட்டி வரும். ஆடாவிட்டால் கையில் காசோடு வந்தவர் கையில் காசோடு திரும்பவேண்டியதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவரிடம் சும்மா வாயைக் கொடுத்தேன். இத்தனை பெட்டி எதற்கு, எல்லாம் வெடிக்கத்தானே போகிறது என்று கேட்டுவிட்டேன். சாப்பாட்டு நேரம் முழுவதும் போய்விட்டது. புட்டும் கத்தரிக்காய்க் கறியும் ஆற ஆற அவர் எனக்குத் தோட்டாக்களின் ஒரு குடும்பத்தையே அறிமுகப்படுத்தினார்.

"உந்தத் தேர்ட்டி-தேர்ட்டி இருக்கெல்லே, உது எங்கட பெரியப்பா மாதிரி. மெதுவாத்தான் போவார். தூரம் போகச் சொல்லக்கூடாது. ஆனா பத்தைக்குள்ள, கிட்டத்தில, அவரை விட்டா ஆளில்லை. தேர்ட்டி-ஓட்-சிக்ஸ் மூத்த மருமகன். மான் எண்டாலும் சரி, மூஸ் எண்டாலும் சரி, எந்த வேலை குடுத்தாலும் செய்வார். ஆனா தோளில ஒரு இடி இடிப்பார், பொறுக்கவேணும். த்ரீ-ஓ-எயிட் அவரின்ர தம்பி. ஆள் கட்டை. அண்ணன் செய்யிற வேலையில முக்காலே மூண்டு வீசம் செய்வார், சத்தம் போடமாட்டார்."

டூ-செவன்டி என்பது கொழும்பில் படித்த பெடியனாம். கோடு கிழித்ததுபோல நேரே தூரம் போவார், ஆனால் கொஞ்சம் தலைக்கனம். பழைய த்ரீ-நாட்-த்ரீ பென்சன்காரர். கனடாவில் எந்தப் பண்ணை வீட்டுக் கொட்டிலைத் திறந்தாலும் மூலையில் ஒருவர் இருப்பார். மக்னம் என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிற பெரிய தோட்டாக்களைப் பற்றிக் கேட்டேன். அண்ணை முகத்தைச் சுளித்தார். அதெல்லாம் சீதனம் காட்ட வாற கூட்டம் என்றார்.

ஒரு தரம் நகரத்தின் நடுவிலிருந்து வங்கியில் வேலை செய்யும் ஒருவர் வந்தார். சப்பாத்திலிருந்து தொப்பிவரை எல்லாம் புதிது, விலைச்சீட்டு மட்டும்தான் கழற்றியிருந்தது. மான் வேட்டைக்குப் போவதாகவும் கடையிலேயே ஆகப் பெரிய மக்னமும் அதற்கொரு துப்பாக்கியும் வேண்டும் என்றும் கேட்டார். அண்ணை குனிந்து ஏதோ தேடுவதுபோலப் பாவனை செய்து, தடித்த விலைப்பட்டியல் புத்தகத்தைத் தூக்கிக் கவுண்டரில் படார் என்று போட்டார். வங்கிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழம் துள்ளினார். கூடாரத்துக்குள் நின்ற நானும் துள்ளினேன். அண்ணை அமைதியாகக் குறிப்பில் ஒரு கோடு போட்டுவிட்டு, சத்தத்துக்குக் கண்ணை மூடுகிறவர் குறியையும் விட்டுவிடுவார், உங்களுக்கு அடக்கமான த்ரீ-ஓ-எயிட்தான் பொருத்தம் என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். அந்த மனிதர் கோபப்படுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அந்தத் துப்பாக்கியையும் பெட்டியையும் வாங்கிப் போனார். அடுத்த வருடம் மனைவியையும் பொருத்தம் பார்க்கக் கூட்டிவந்தார்.

இந்தப் புகழ் எங்கள் ஆட்களிடையே வேறு விதமாகப் பரவியிருந்தது. யூனியன்வில்லில் இருக்கும் என் மாமி வீட்டுப் பரணில் ரக்கூன் என்ற, மரநாய் போன்ற ஒரு பிராணி குடியேறியபோது, துவக்குக்காரரை, அதாவது துப்பாக்கி தெரிந்தவரை, கூட்டிவா என்று எனக்குத் தொலைபேசியில் கட்டளை வந்தது. அண்ணை வந்தார். ஏணியில் ஏறி டோர்ச் அடித்துப் பார்த்தார். இறங்கி வந்து, உள்ளே குட்டிகளும் இருக்கின்றன, இதற்குப் பொருத்தமான தோட்டா உலகத்தில் இல்லை என்று மாமியிடம் அறிவித்தார். பிறகு மாமியின் நாதஸ்வர சீடீயைப் பரணுக்கு நேர் கீழே வைத்து, முழுச் சத்தத்தில் விடாமல் போடச் சொன்னார். மூன்றாம் நாள் தாய் ரக்கூன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடம்மாறிப் போய்விட்டது. மாமாவும் போக நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

இவ்வளவு தெரிந்தவரிடம் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வேட்டைப் பருவத்தில் சில நாள்களில் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக்கொண்டு போவார். விரதம் என்று நினைத்தேன். ஆனால் அது எந்த விரத நாளிலும் சேரவில்லை. கவனித்துப் பார்த்ததில், யாராவது ஒரு வேட்டைக்காரர் வந்து, அடித்தேன், பட்டது, ஆனால் ஓடித் தப்பிவிட்டது என்று சொன்ன நாள்களில்தான் பெட்டி திறபடுவதில்லை.

இந்த நிலையில் புது மனேஜர் வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பேசும்போது எப்போதும் ஒரு பேனாவைச் சொடுக்கிக்கொண்டு இருப்பார். எல்லோருடைய கோப்பையும் படித்தவர் அண்ணையின் கோப்பில் நின்றுவிட்டார். பாதுகாப்புப் பரீட்சையில் முழுப் புள்ளி, லைசென்ஸ் சரி, காலம் தவறாமல் புதுப்பித்திருக்கிறார். ஆனால் வேட்டை அனுபவம் என்ற கட்டத்தில் 'இல்லை'. சுட்ட அனுபவம் என்ற கட்டத்திலும் 'இல்லை'. அந்தப் பரீட்சையில் துப்பாக்கியைச் சரியாகப் பிடித்து, திறந்து, மூடிக் காட்டினால் போதும். உண்மையாகச் சுடத் தேவையில்லை. அண்ணை பதினொரு வருடமாகத் தோட்டா விற்கிறார், ஒரு தோட்டாவைக்கூட வெடித்ததில்லை.

செய்தி கடை முழுக்கப் பரவியது. கூடாரத்தில் படுக்காமல் கூடாரம் விற்பது வேறு. இது என்ன துணிச்சல் என்று மலைத்தேன். மனேஜர் ஒரு முடிவு எடுத்தார். மூஸ் பருவம் தொடங்குமுன் ஒரு ஞாயிறு காலை, துப்பாக்கிப் பகுதி ஊழியர்கள் எல்லோரும் விட்பிக்கு வடக்கே ஒரு சுடுதளத்துக்கு வரவேண்டும். ஆளுக்கு ஐந்து வெடி. அதை வீடியோ எடுத்துக் கடை விளம்பரத்துக்குப் போடுவார்கள். சுடாதவர் திங்கள் முதல் சப்பாத்துப் பகுதியில் நிற்கலாம்.

ஞாயிறு காலை அண்ணையை என் காரில் ஏற்றிப் போனேன். வாடிக்கைக்காரர்கள் சிலரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அதில் கோர்டன் என்ற கிழவரும் இருந்தார். மார்புவரை தாடி, நாற்பது வருடமாகத் தேர்ட்டி-ஓட்-சிக்ஸ். அந்தக் கோடையில் வலது தோளில் சத்திரசிகிச்சை செய்திருந்தார். இந்த வருடம் எதைக் கொண்டு போவது என்று அண்ணையிடம் ஏற்கெனவே இரண்டு தரம் கேட்டிருந்தார். அண்ணை தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. இன்னும் ஏதோ ஒரு பொருத்தம் சரிவரவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அண்ணையின் முறை வந்தது. மேசையில் த்ரீ-ஓ-எயிட் துப்பாக்கியும் ஐந்து தோட்டாவும் இருந்தன. குழலில் பொறித்திருந்ததை வாசித்தார். தோட்டாவின் அடியைத் திருப்பி அதையும் வாசித்தார். இரண்டும் ஒன்றுதான் என்று திருப்திப்பட்டபிறகு, எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டு இரண்டு அடி பின்வாங்கி நின்றார். சுடமாட்டேன் என்றார். மனேஜர் பேனாவைச் சொடுக்கினார். தெரியாத ஒன்றை எப்படி விற்கிறீர்கள் என்று கேட்டார்.

"எனக்குச் சத்தம் தெரியும்" என்றார் அண்ணை, ஆங்கிலத்தில்.

யாரோ சிரித்தார்கள். கோர்டன் சிரிக்கவில்லை. அப்படியானால் பார்த்துவிடுவோம் என்றார். சுடுதளத்துக்குப் பின்னால், கட்டடத்தைத் தாண்டி, கார் நிறுத்துமிடத்தில் அண்ணையை மறுபக்கம் பார்த்து நிற்கவைத்தார்கள். பக்கத்தில் கடதாசியும் பென்சிலுமாக நான். அங்கே யார் எதை எந்த ஒழுங்கில் சுடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. முதல் வெடிக்கு நான் தோளைக் குறுக்கிக்கொண்டு அண்ணையைப் பார்த்தேன். அவருடைய இமை அசையவில்லை.

"டூ-செவன்டி" என்றார்.

எழுதினேன். அடுத்தது தேர்ட்டி-ஓட்-சிக்ஸ், பிறகு பெரியப்பா, பிறகு திரும்பவும் டூ-செவன்டி. இப்படி ஒன்பது. ஏழாவது வெடிக்குக் கொஞ்சம் யோசித்தார். "த்ரீ-ஓ-எயிட். ஆனா குறி மட்டையில படேல்லை, மண்ணுக்குள்ள போட்டுது. சுட்டவர் கண்ணை மூடியிட்டார்." எல்லாவற்றையும் எழுதினேன். கடைசி வெடிக்கு, "த்ரீ-நாட்-த்ரீ. பாவம், தோட்டா பழசு. ரண்டு மாரி ஈரத்தில கிடந்திருக்கு" என்றார்.

கடதாசியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோர்டன் தன் குறிப்போடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ஒன்பதும் சரி. பழைய த்ரீ-நாட்-த்ரீ பெட்டி அவருடைய கொட்டில் ஒழுக்குக்குக் கீழே கிடந்ததாம். எத்தனை மாரி என்று அவருக்கே நினைவில்லை. ஏழாவது வெடியைச் சுட்டது யார் என்று நான் கேட்டேன். எல்லோரும் மனேஜரைத் திரும்பிப் பார்த்தார்கள். மனேஜர் பேனாவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஊரில் சுருதி விலகினால் கண்டுபிடிக்கிற வித்துவான்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு காதை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மனேஜருக்கு அதனால் ரோஷம்தான் கூடியது. விதி விதிதான், திங்கள் முதல் சப்பாத்துப் பகுதி என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். வாயை அடக்க முடியாமல் கேட்டேன். அஞ்சே அஞ்சு வெடி, கண்ணை மூடிக்கொண்டு சுட்டிருந்தால் கவுண்டர் மிஞ்சியிருக்குமே, ஏனண்ணை சுடவில்லை என்றேன்.

"நான் கேட்கிற பக்கத்தில இருந்த ஆள், தம்பி. சுடுற பக்கத்துக்குப் போக மனம் வரேல்லை."

பிறகு அவராகவே சொன்னார். சண்டைக் காலத்தில் அவருடைய வீட்டு வளவில் வெட்டிய பங்கர் குழிக்குள் ஒன்பது பேர் இருந்தார்களாம். வெடிக்கிற சத்தத்தை வைத்து என்ன துவக்கு, எவ்வளவு தூரம், வெளியே போகலாமா என்று சொல்லுகிற வேலை அவருடையது. மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். ஒரு பகல், சத்தம் தூரப் போய்விட்டது, மாட்டை அவிழ்த்து மேயவிடலாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கணிப்புப் பிழையாய்ப் போனது. பசுவுக்கு வயிற்றில் பட்டது.

"ரண்டு நாள் எடுத்தது தம்பி. வளவுக்குள்ள. ஒருத்தராலயும் கிட்டப் போக ஏலாது. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது."

நான் றோட்டைப் பார்த்தபடி ஓட்டினேன்.

"மனிசர் வேட்டையாடுவினம், அதை என்னால நிப்பாட்ட ஏலாது. ஆனா சரியான தோட்டா, சரியான ஆளிட்டை இருந்தா, ஒரு வெடியோட முடியும். அந்த மிருகத்துக்குத் தெரியவே தெரியாது. நாளைக்கு நான் சப்பாத்து வித்துக்கொண்டிருந்தா ஆர் உந்தப் பொருத்தத்தைப் பார்க்கிறது? ஆளாளுக்குப் பெரிய பெட்டியா வாங்கிக்கொண்டு போகப்போகினம்."

இத்தனை நாளும் அவரை வைத்து நான் அடித்த பகிடியெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை அண்ணை சப்பாத்துப் பகுதியில் நின்றார். அதே திருநீறு, காதில் அதே பென்சில், கையில் பாதம் அளக்கிற தட்டு. தோட்டாக் கவுண்டரில் மனேஜரே நின்றார். பத்து மணிக்கு முதல் வேட்டைக்காரர் வந்தார். கவுண்டரைப் பார்த்தார், சுற்றிப் பார்த்தார், நேரே சப்பாத்துப் பகுதிக்குப் போய், அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினார். அண்ணை பாதத்தை அளந்தார். அளந்துகொண்டே, மானா மூஸா என்று கேட்டார். சப்பாத்துப் பெட்டி மூடியில் பொருத்தம் எழுதிக் கொடுக்க, அந்த மூடியைக் கொண்டுபோய்க் கவுண்டரில் நீட்டினார் அந்த மனிதர். மத்தியானத்துக்குள் சப்பாத்துப் பகுதியில் வரிசை நின்றது. வந்தவர்கள் வெட்கத்துக்கு ஒரு சோடிச் சப்பாத்தும் வாங்கினார்கள். என் கூடாரத்துக்குள்ளும் நாலு பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். அந்த வாரம் நான் இரண்டு கூடாரம் விற்றேன், அது எனக்கே புதினமான சங்கதி.

புதன்கிழமை கோர்டன் வந்தார். வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறையில் ஒரு ஓட்டை. அண்ணை அவர் காலைத் தட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு, போன வருடம் என்ன நடந்தது என்று கேட்டார். கிழவர் தாடியைத் தடவினார். பிறகு ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னார். தோள் வலி அப்போதே தொடங்கிவிட்டது. துப்பாக்கி இடிக்குமே என்ற பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். பட்டது. ஆனால் மூஸ் ஓடிவிட்டது. இருட்டும்வரை இரத்தத் துளியைத் தொடர்ந்து போய் ஒரு சதுப்பில் தடத்தை விட்டுவிட்டார்.

சரிவராமல் இருந்த பொருத்தம் அதுதான். அண்ணை மூடியில் எழுதிக் கோடு போட்டார். பழைய சுவீடன் நாட்டுத் தோட்டா ஒன்று, ஆறரை மில்லிமீற்றர், அதற்கேற்ற துப்பாக்கியும். ஒல்லியான, நீளமான குண்டு. தோளில் தட்டுவதே தெரியாது, ஆனால் ஆழமாகப் போகும். சுவீடனில் தலைமுறை தலைமுறையாக அதைக்கொண்டுதான் மூஸ் அடிக்கிறார்கள். கோர்டன் முகம் சுருங்கியது. அது சிறுமிகள் பழகுகிற தோட்டா, முகாமில் எல்லோரும் சிரிப்பார்கள் என்றார். அண்ணை காலை விடவில்லை. அவர்கள் சிரித்தால் உங்களுக்கு நோகாது, திரும்பவும் குறி பிழைத்தால் மூஸுக்கு நோகும் என்று மெதுவாகச் சொன்னார். கோர்டன் நெடுநேரம் தன் காலுறை ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூடியை வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் வாரம் மனேஜர் கவுண்டரை விட்டு வந்து, திரும்பிப் போகலாம் என்று அண்ணையிடம் சொன்னார். நல்ல மனிதர்தான், தோற்றதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தது, அவ்வளவுதான். அண்ணை ஒரு நிபந்தனை வைத்தார். சப்பாத்துப் பகுதியிலிருந்த வாங்கையும் கவுண்டருக்குக் கொண்டுவரவேண்டும். நின்றுகொண்டு கேட்டால் எல்லோரும் வீரம் கதைக்கிறார்கள், சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருந்தால்தான் உண்மை வருகிறது என்றார். நானும் மனேஜரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாங்கைத் தூக்கிக்கொண்டு போனோம்.

பருவம் முடியும் தறுவாயில் கோர்டன் ஒரு பொதியோடு வந்தார். வாங்கில் உட்காரவில்லை. ஒரே வெடி, நின்ற இடத்திலேயே படுத்துவிட்டது என்றார். அண்ணை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கோர்டன் சொன்னார். அண்ணை மூன்றாவது தரமும் கேட்டார். கிழவருக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும். இந்த முறை அவசரப்படாமல் எல்லாவற்றையும் சொன்னார். காலையில் உறைபனி இருந்தது. மூஸ் தலையைக் குனிந்து செடி மேய்ந்துகொண்டிருந்தது. சத்தம் அதன் காதுக்கு எட்டுமுன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணை கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

பொதியில் மூஸ் இறைச்சி. தன் கையால் வெட்டிச் சுற்றியது, உங்களுக்குத்தான் என்று கோர்டன் நீட்டினார். அண்ணை மறுக்கவில்லை. கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொன்னார். கிழவர் போனபிறகு என்னிடம் தந்தார்.

"கொண்டுபோய்ச் சமையுங்கோ தம்பி. கொஞ்சமும் வீணாக்கக்கூடாது."

வீணாக்கவில்லை. வீட்டில் எல்லோருமாகச் சாப்பிட்டோம். வேலைக்குச் சேர்ந்த நாளில் வயதைப் பார்த்துத்தான் நான் அவரை அண்ணை என்று கூப்பிடத் தொடங்கினேன். அந்தப் பருவத்துக்குப் பிறகு கூப்பிட்டது வயதுக்காக இல்லை.